பட்டினிக்கு ஒரு புதுப் பெயர்

கணவனுக்கும் மகளுக்கும் மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, வேன் அத்தை தனக்கானதைக் கலக்க ஆரம்பித்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் ரோஸ் நிறப் பொடி. எவ்வளவு கலக்கினாலும் அடியில் கட்டி தட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காலை உணவு முடிந்தது. மதியத்துக்குப் பழச்சாறு. இரவுக்கு மறுபடி பொடி. நடுவில் பசித்தால் வெந்நீர். மகளுக்காகப் பொரித்த முட்டையின் வாசனை சமையலறையை விட்டுப் போவதாக இல்லை. அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவது அவள் தொழில். ‘வேன் அத்தை’ என்பது குழந்தைகள் வைத்த பெயர். பெற்றோரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். குறுகலான சந்தில்கூடக் கண்ணாடி உரசாமல் வண்டியைத் திருப்பிவிடுவாள். இத்தனை வருடங்களில் அவள் கையில் வேனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

உடம்பு கொஞ்சம் கனம்தான். மூட்டு வலிக்கிறதென்று போனபோது டாக்டரும் எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். எண்ணெயையும் இனிப்பையும் குறைத்து, மாலையில் நடந்தால் போதும், மெதுவாக இறங்கட்டும் என்றார். அத்தோடு விட்டிருந்தால் வம்பில்லை. ஆனால் ஏ.சி. மெக்கானிக்கான அவள் கணவனுக்கு வாய் சும்மா இருக்காது. நண்பர்கள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனின் வலது பக்க டயர் மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று யாரோ கேட்டார்கள்.

“டிரைவர் சீட்டுல யார் உக்கார்றாங்கன்னு பாரு, புரியும்” என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த நாளே மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள். அங்கே இருந்தவளைக் குடியிருப்பில் எல்லோரும் ‘கோச் அக்கா’ என்பார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பொடியை விற்பவள் அவள். உணவைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒன்றும் படித்ததில்லை. கம்பெனி நடத்திய கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எழுந்ததற்குக் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். பொடி வாங்கியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக் கட்டி மேய்த்தாள். வயிற்றுக்கு வேலை கொடுக்காமல் திரவமாகவே குடித்து வந்தால், உடம்பு தன் கொழுப்பைத் தானே தின்று தீர்த்துவிடும் என்று தேன் ஒழுகப் பேசினாள். வேன் அத்தைக்கு அந்த நேரத்தில் அப்படி யாராவது பேச வேண்டியிருந்தது.

எடை மளமளவென்று இறங்கியது. பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. குழுவில் கைதட்டும் படங்கள் குவிந்தன. பள்ளி வாட்ச்மேன் ஆளே அடையாளம் தெரியவில்லை என்றார். பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அம்மாக்கள் ரகசியம் கேட்டார்கள். அதே நண்பர்கள் முன்னால் கணவன், தன் பெண்டாட்டி கல்யாணத்தன்று இருந்ததைவிட அழகாகிவிட்டாள் என்று பெருமையடித்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் எத்தனை வேளை வேண்டுமானாலும் பட்டினி கிடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டு வரும் சிறுசுகளிடம் எரிந்து விழுந்தாள். அதுகள் பாடுவதையே நிறுத்திவிட்டன. பயந்துபோய்க் குழுவில் கேட்டால் கோச் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. உடம்பிலிருக்கும் நஞ்செல்லாம் வெளியேறுகிறது, அதனால்தான் இந்தத் தலைசுற்றல். இப்போது விட்டால் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றாள். வேன் அத்தை பல்லைத்தான் கடித்தாள். கடிக்க வேறொன்றும் இல்லையே.

பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. வளைவில் திரும்பும்போது எதிரே இருந்த சாலை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்தது. காதுக்குள் இரைச்சல். கால் பிரேக்கைத் தேடியது, அகப்படவில்லை. வேன் நடைபாதையில் ஏறி ஒரு மதில் சுவரில் முட்டி நின்றது. வளைவில் மெதுவாக வந்ததால் உயிர்கள் தப்பின. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் முகம் முன் சீட்டுக் கம்பியில் மோதி, உதடு கிழிந்து, அப்போதுதான் முளைத்து வந்திருந்த முன்பல் உடைந்தது. மற்ற குழந்தைகளுக்குச் சிராய்ப்பு. நினைவு தப்புவதற்கு முன் வேன் அத்தையின் காதில் கடைசியாக விழுந்தது அவர்களுடைய அலறல்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே நின்ற டாக்டரம்மா கோபத்தை மறைக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. இதயம் ஒழுங்காகத் துடிக்கத் தேவையான உப்புச்சத்தும் குறைந்திருந்தது. தடதடவென்று எடை இறங்கினால் வரக்கூடிய பித்தப்பைக் கல் இவளுக்கும் வந்திருந்தது. கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தண்ணீரும் தசையும் சேர்ந்துதான். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை திரும்ப ஏறிவிடும் என்றும் சொன்னார்.

“திரவ உணவு நாங்களும் சில பேருக்குக் கொடுக்கிறோம்மா. ரத்தத்தைப் பார்த்து, இதயத்தைப் பார்த்து, கொஞ்ச காலத்துக்கு, எங்க கண்காணிப்புலயே கொடுக்கிறோம். உங்களுக்கு யார் பார்த்தாங்க? நீங்க இருந்தது பட்டினி. அதுக்கு ரோஸ் கலர் அடிச்சு வித்திருக்காங்க.”

பக்கத்தில் நின்ற கணவன் தரையைப் பார்த்தான்.

சாயங்காலம் கோச் அக்கா வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. குனிந்து, பொடியின் பெயரை இங்கே யாரிடமாவது சொன்னாயா என்றுதான் கேட்டாள். குழுவில் மற்றவர்களெல்லாம் நன்றாக இருக்கும்போது உனக்கு மட்டும் இப்படி ஆனதென்றால் நடுவில் எதையோ தின்றிருக்கிறாய் என்றாள்.

“ஒழுங்கா ஃபாலோ பண்ணத் தெரியாம என் பேரைக் கெடுத்துடாத, சொல்லிட்டேன்.”

அவள் வார்டைத் தாண்டுவதற்குள் போனில் செய்தி வந்தது. வேன் அத்தையைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். தப்பெல்லாம் தன்னுடையதுதானோ என்ற எண்ணம் அவளை அழுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, பல் உடைந்த சிறுமியின் அம்மா வந்தாள். பொடியைப் பற்றியும் கண் இருட்டியதைப் பற்றியும் வெளியே வேன் அத்தையின் கணவனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். துணிக்கடையில் மேற்பார்வை வேலை. நின்றால் ஒரு அதிகாரம் தெரியும்.

“உங்களை நம்பித்தானே பிள்ளையை ஏத்தி விட்டேன்? கண்ணு இருட்டுதுன்னு தெரிஞ்சும் எந்தத் தைரியத்துல வண்டியை எடுத்தீங்க?”

குழந்தை ராத்திரியெல்லாம் வலியில் அனத்தியதை அந்த அம்மா சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். எல்லாவற்றையும் வேன் அத்தை தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். தப்பு தன்னுடையதுதான், டாக்டர் சரியென்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே தயங்கி நின்றாள். திரும்பி வந்து, வேன் அத்தையின் கழுத்தெலும்பையும் இடுப்பையும் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. மொத்தம் எவ்வளவு குறைஞ்சீங்க? அது எந்தப் பொடி?”

வேன் அத்தைக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, முந்தின நாள் முழுக்க நெஞ்சில் அடைத்துக் கிடந்தது மொத்தமாகக் கிளம்பி வந்தது. சத்தம் போடத் தெம்பில்லை. அதனாலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

“உங்க பொண்ணோட உடைஞ்ச பல்லைப் பார்த்துட்டு வந்து நிக்கறீங்க. அப்புறமும் இதைக் கேக்க மனசு வருதே உங்களுக்கு. நான் இளைச்சதை ஊரே பார்த்துச்சு. செத்துக்கிட்டு இருந்ததை ஒருத்தர்கூடப் பார்க்கலை.”

பின்னாலேயே வந்து நின்றிருந்த கணவன், டயரைப் பற்றி அன்றைக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று ஏதோ முணுமுணுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“மூணு வேளையும் நான் சாப்பிடலைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அழகா இருக்கேன்னு சொன்னீங்க. இனிமே என் உடம்பைப் பத்தி இந்த வாயால ஒரு வார்த்தை வரக்கூடாது.”

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அந்த அம்மா கூச்சத்தில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“பொடியோட பேரைச் சொல்றேன்” என்றாள் வேன் அத்தை. “வாங்கறதுக்கு இல்லை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து புகார் கொடுக்கறதுக்கு. எடை குறையணும்னா சாப்பிட்டுக்கிட்டே குறைக்கலாம், மெதுவா, டாக்டரைக் கேட்டுக்கிட்டு. சாப்பாட்டையே விட்டுட்டு வெறுமனே குடிச்சுக்கிட்டு இருன்னு சொல்றவங்க நம்ம கொழுப்பைக் கரைக்கறதில்லைங்க. நம்ம வெக்கத்தை நமக்கே விக்கறாங்க. வாங்கறதை நாமதான் நிறுத்தணும்.”