தங்கச்சிக்கு முன்னால்

“சிதம்பரத்துக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். இன்று காலையே போய்ப் பார்க்க விடுங்கள்.”

முதலாளி குரோகரிடம் வைதேகி ஜெர்மன் மொழியில் இதைச் சொன்னபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. வெளியே டோர்ட்மண்ட் நகரம் கரிப்புகைக்குள் படுத்துக் கிடந்தது. சலவைக்கூடத்தின் உள்ளே ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகள் ஈரப் பாரத்தோடு வந்து விழுந்துகொண்டிருந்தன. அவற்றை உதறி, நுனி பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் ஊட்ட வேண்டும். கை கொஞ்சம் பிந்தினால் விரல் வெந்துவிடும். அங்கே நின்ற யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் மருந்துத் தண்ணீரில் நகக்கண் வெளுத்திருந்தது. எல்லோருடைய அகதி விண்ணப்பமும் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது.

மேற்பார்வையாளர் பாலச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டார். வைதேகியை வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். சேர்த்த அன்றே எச்சரித்தும் வைத்தார். “என்னத்தை வேணுமெண்டாலும் கேள் பிள்ளை. அப்புக்காத்து எண்ட சொல்லை மட்டும் வாயில எடுக்காதை. குற்றஞ் செய்தவன்தான் அப்புக்காத்தைத் தேடுவான் எண்டு இவங்கள் நினைப்பாங்கள்.”

வழக்கறிஞரைத் தேடுவதே குற்றம்போலத் தெரியும் என்பதை, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அப்படியே நம்பினாள். அந்த வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று நேற்றுத் தேநீர் இடைவேளையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அதே கூடத்தில் வேலை செய்யும் சிதம்பரத்தின் அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவள் அவள். இராணுவ முகாமில் உங்களுக்கு என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். சிதம்பரம் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

“ஒண்டும் நடக்கேல்லைத் தங்கச்சி. நான் உழைச்சுச் சாப்பிடுற ஆள், ஒருத்தருக்கும் பாரமா இருக்கமாட்டன் எண்டு சொல்லும்.”

ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். உங்கள் ஜெர்மன் அருமை என்றார் அதிகாரி. டிராமில் திரும்பும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேலை தேடி வந்தவர், அகதி அல்ல என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் நீதிமன்றம். அங்கேயும் தோற்றால் விமானம்தான்.

நேற்றுத்தான் அசோகன் வாய் திறந்தான். சிதம்பரத்தோடு ஒரே அறையில் இருப்பவன்.

“கேம்பில அந்தாளை உடுப்பெல்லாம் உரிஞ்சு போட்டு அடிச்சவங்கள் அக்கா. இன்னும் கனக்கச் செய்தவங்கள். ஆம்பிளை எனக்கே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னவர். உங்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுவார்?”

சிதம்பரம் எதையோ சொல்லாமல் விழுங்கியதை அன்றே கண்டவள் அவள். விழுங்கட்டும் என்று விட்டவளும் அவள்தான். வெளியே வந்தால் தானும் கூசவேண்டி வருமே என்று விட்டாள். பெரிய மொழிபெயர்ப்பு.

குரோகர் சிரித்தார். “வழக்கறிஞர் எதற்கு? சிதம்பரம் நல்ல உழைப்பாளி என்று நானே எழுதித் தருகிறேன். நீதிபதிக்கு அது போதும்.”

“அதுதான் அவரை அனுப்பிவிடும். வேலைக்கு வந்தவர் என்றுதான் தள்ளினார்கள். நீங்கள் அதற்குச் சாட்சி சொல்லப் போகிறீர்களா?”

“இந்த வழக்கறிஞர்கள் ஒரு விஷயத்தோடு நிற்கமாட்டார்கள், பெண்ணே. இங்கே எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது என்றும் கேட்பார்கள்.”

“கேட்கட்டும். இந்த நேரத்து வேலை சட்டப்படி சரியா என்று எங்களுக்கும் தெரியவேண்டியிருக்கிறது.”

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. “இப்போது அந்தக் கதவைத் தாண்டுகிறவர்கள் திரும்பி வரவேண்டாம்.”

வைதேகி அதைத் தமிழில் சொன்னாள். மொழிபெயர்ப்பில் எதையும் மெழுகவில்லை.

அகதிகளுக்காக வாதாடும் அம்மையார் ஒருவர் தேவாலயத்துப் பின்னறையில் வாரத்தில் இந்த ஒரு காலைதான் ஆட்களைப் பார்ப்பார். பகல்வேலைக்காரனால் ஒருநாளும் போக ஏலாத நேரம்.

சிதம்பரம் கையிலிருந்த விரிப்பை விடவில்லை. “வேண்டாம் தங்கச்சி. என்னாலை மற்ற ஆக்களின்ர வேலையும் போகும்.”

“உங்களாலையோ?” உருளைக்கு மறுபக்கத்திலிருந்து கனகவல்லி கேட்டாள். ஊரில் புருஷனைப் பறிகொடுத்து வந்தவள். “வாற மாசம் எனக்கும் கோட்டில தவணை இருக்கு அண்ணை. அங்க என்ர கதையை ஆர் சொல்லப் போகினம்? இந்த உருளையோ?”

சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உருளை முனகி, சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. அந்த இடத்தில் ஆவி சீறுவது தனியாகக் கேட்டது. அசோகன் ஏற்கெனவே மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தான்.

“மாட்டுறதெண்டால் பொத்தானையும் ஒழுங்காப் பூட்டு, அப்புக்காத்து மனிசி பயந்திடும்,” என்றாள் கனகவல்லி. யாரோ ஒருவர் சிரித்தார். சிதம்பரம் விரிப்பைத் தொட்டிக்குள் போட்டார்.

வைதேகி பாலச்சந்திரனிடம் போனாள்.

“அண்ணை, உங்களுக்கும் ஜெர்மன் வரும். மொழிபெயர்க்க நீங்கள்தான் வரவேணும். எனக்கு முன்னால அவர் சொல்லமாட்டார்.”

“விளையாடுறியோ? எனக்கு இங்க ஒரு மரியாதை இருக்குப் பிள்ளை.”

“எனக்கும் இருந்தது. அதாலதான் அந்தாளை விமானம் ஏத்தப் பாத்தனான்.”

பாலச்சந்திரன் முதலாளியைப் பார்த்தார். பிறகு சிதம்பரத்தைப் பார்த்தார். இருவரில் எவர் கண்ணையும் அவரால் தாங்க முடியவில்லை. இடுப்புச் சாவிக்கொத்தை அவர் விரல்கள் தடவிக்கொண்டிருந்தன.

வைதேகி காத்திருக்கவில்லை. அவர் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த அம்மையாரிடம் முதலில் தன் பிழையைச் சொல்வாள். தமிழ் தெரிந்த ஓர் ஆணைத் தேடித்தரும் வரை இவரிடம் எதையும் கேட்காதீர்கள் என்பாள். பிறகு எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பாள். தன் அழகான ஜெர்மன் சிதம்பரத்துக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் அடித்தது. பின்னால் சப்பாத்துக்கள் பல ஈரத் தரையில் வந்துகொண்டிருந்தன. எத்தனை பேர் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.