ஜீப்பின் சாவி

2019ஆம் ஆண்டு ஜூன் திங்கள் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. வானில் மேகமில்லை, மேல்காற்று புழுதியை வாரி இறைத்தது. மேட்டூர் அணை இன்னும் திறக்கப்படவில்லை.

திருக்காட்டுப்பள்ளி அருகே, கையகப்படுத்திய வயல்களின்மீது எழுந்த சிங்க்ரோட்ரான் கூடத்தில், ஊடுகதிர்க் கற்றையை நிலைபிசகாமல் காப்பது லத்தீஃபாவின் பொறுப்பு. வளையத்துள் சுற்றியோடும் எலக்ட்ரான்கள் உமிழும் அக்கற்றை, தலைமுடியினும் மெல்லிய ஒரு புரதப் படிகத்தின்மேல் விழவேண்டும். மாதக்கணக்கில் பாடுபட்டு அவள் வளர்த்தவற்றுள் உடையாமல் எஞ்சியது அது ஒன்றே. பாதியில் கற்றை விலகினால் அளவீடு பாழ். ஒருமுறை கதிர்பட்ட படிகம் மறுமுறைக்கு உதவாது.

ஆனால் காலையிலிருந்து, படிகமின்றி நடத்திய ஒத்திகைகளிலெல்லாம் கற்றை சரிந்தது. சுற்றுப்புறத்தில் எது அதிர்கிறதென்று பார்க்க, சரியும்தோறும் ஜீப்பை அனுப்பினாள். ஒன்றுமில்லையென்றே ஓட்டுநர் அப்துல் ஹமீது திரும்பினார். பொறுமையிழந்து, கடைசியில் அவளும் ஏறிக்கொண்டாள்.

வேலியோரம் ஜீப் திரும்பியதுதான் தாமதம். பக்கத்து வயல்காரர் வீரையன் ஓடிப்போய் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயின்மேல் வைக்கோலை அள்ளிப் போட்டார். கைபேசியில் உதவியாளன் தியாகராசன் அலறினான்: "மேடம், இப்ப மறுபடி நகந்துடுச்சு!"

அவள் மோட்டாரையும் ஜீப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். ஜீப்பைக் கண்டு மோட்டார் நிற்கிறது. மோட்டார் நின்றதும் நிலம் அசைகிறது. அசைவைத் தேடி மறுபடியும் ஜீப் வருகிறது.

"இங்க ஏதும்மா மோட்டாரு?" என்றார் வீரையன், ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி.

"வைக்கோலுக்கு வேர்க்குதே!" என்றார் ஹமீது.

வீரையன் வெடித்தார். "பாதி வயல எடுத்தீங்க. மீதியும் கருகணுமா? போர்வெல்லுக்கு பெர்மிட் இல்லதான். புடுங்கிட்டுப் போங்க!"

"நிறுத்தச் சொல்லி வரலண்ணே. ஓட விடுங்க. ஓடிக்கிட்டே இருந்தா நான் அதுக்குத் தக்கன திருப்பி வச்சுக்குவேன். நிறுத்தி நிறுத்திப் போடுறதுதான் எனக்கு எமன்."

"இந்த ஜீப்பு திரும்ப வந்தா?"

லத்தீஃபா சாவியை உருவி அவர் கையில் வைத்தாள். "வராது."

"அப்ப நான் எப்படிம்மா வர்றது?" என்றார் ஹமீது.

"நடந்துதான் மாமா. வாங்க."

வயல்களுக்கான மும்முனை மின்சாரம் மூன்று மணிக்குப் போய்விடும். வீரையன் மீண்டும் போட்ட மோட்டாரும் தானே நின்றுவிடும். மோட்டார் ஓடும் நிலைக்கேற்பக் கற்றையைத் திருப்பும் ஆடியை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்து, படிகத்தை ஏற்றி, கதிரைத் திறந்தாள். திரையில் கோடு நேராக ஓடியது.

அளவீடு பாதி கடந்தபோது வெளியே ஹாரன் ஒலித்தது. அனுமதியில்லா ஆழ்குழாய்களைத் தேடும் வருவாய்த்துறை வண்டியொன்று வேலியோரம் ஊர்ந்தது. இனிக் கதிரை நிறுத்தவும் வழியில்லை, வீரையனுக்குச் சொல்லவும் வழியில்லை. அவள் சன்னலை நோக்கினாள்.

வீரையன் மோட்டாரின் முன் நின்றுகொண்டிருந்தார். கை ஸ்விட்ச் வரை போயிற்று. பிறகு மற்றக் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியை நோக்கி நிமிர்ந்து நின்றார்.

வண்டி நின்றது. அதிகாரி ஒருவர் இறங்கி வரப்பில் கால் வைத்தார். கோடு அசையவில்லை.

கடைசிப் படம் பதிவானபோது மணி பிற்பகல் இரண்டு ஐம்பத்தாறு.