ரொசாரியோவுக்கு வைத்த நேர்த்தி

விசா கிடைக்க நேர்த்தி வைத்தவர்கள் ஒக்லாந்தில் நிறையப் பேர். பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த யோகராணி மட்டும் ஒரு மெக்சிக்கோ தொலைக்காட்சி நாடகக் கதாநாயகி ரொசாரியோவுக்காக வைத்தாள். ரொசாரியோவுக்குத் தொலைந்த மகன் கிடைக்கும்வரை வீட்டில் மீன் சமைப்பதில்லை. பிள்ளையாருக்கு அந்த டிவிச் சனல் தெரியுமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பிள்ளையைத் தேடித் திரிந்த தாய்மாரை ஊரில் அவள் கண்டவள். ரொசாரியோ அழுதால் அவளுக்குத் தாங்காது.

தண்டனை என்னவோ கணவர் மகேசனுக்குத்தான். மீன் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்ததும் ஓடிவந்து, அவரும் பக்கத்துக் கதிரையில் இருந்து ரொசாரியோவின் மகனைத் தேடினார்.

தொண்ணூற்றேழில் ஒரு வெள்ளிக்கிழமை, மகன் இருந்த மடத்தின் கதவை ரொசாரியோ தட்டினாள். திங்கட்கிழமை அதே நேரத்தில் ரோஜாச் செடிக்கு உரம் போடுவது எப்படி என்று காட்டினார்கள். சனல்காரர் நிகழ்ச்சிகளை மாற்றிவிட்டார்களாம்.

தொழிற்சாலையில் மகேசனோடு வேலை செய்த மரிசெல் மெக்சிக்கோக்காரி. அவர் கெஞ்ச, அவள் தாய்க்குப் போன் எடுத்து விசாரித்தாள். அங்கேயும் அந்த நாடகம் ஓடிய வருடம் எல்லாம் தலைகீழ். புதுச் சனல் ஒன்று வந்து பழைய சனலின் நடிகைகளை வளைத்துப் போட்டிருந்தது. ரொசாரியோவாக நடித்தவளும் பாதியில் தாவிவிட்டாள். பழைய சனல் கோபத்தில் ரொசாரியோவை விமானத்தில் ஏற்றி, விழுத்திக் கொன்றுவிட்டது. மகனை அவள் காணவேயில்லை.

உண்மையைச் சொன்னால் இனி ஆயுளுக்கும் கத்தரிக்காய்தான். பஸ்ஸில் வரும்போதே மகேசன் முடிவெடுத்துவிட்டார்.

"ராணி, பொடியன் கிடைச்சிட்டான். மரிசெல்லின்ர அம்மா சொன்னவவாம்."

"ரொசாரியோ எப்பிடிக் கண்டுபிடிச்சவ?"

மகேசன் பிறந்ததிலிருந்து ஒரு கதையும் சொன்னதில்லை. "மடத்துக்கு வாற தபால்காரன்தான் காட்டிக் குடுத்தவன். கழுத்தில மச்சம் இருந்ததாம்."

யோகராணி சந்தோஷத்தில் அழுதாள். பிறகு உறைப்பாக மீன் குழம்பு வைத்தாள். மகேசன் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த குளிர்காலத்தில் சனல்காரர் மறுபடியும் மாற்றினார்கள். நாடகம் விட்ட இடத்திலிருந்து திரும்ப வந்தது. மகேசன் ஏரியலைக் குழப்பிப் பார்த்தார். படம் முன்னையதைவிடத் தெளிவாக விழுந்தது. மகனைக் காணாமலே ரொசாரியோ விமானத்தில் ஏறினாள். விமானம் விழுந்தது.

யோகராணி டிவியை நிறுத்தினாள். மகேசன், அடுப்படியில் மஞ்சளும் உப்பும் தடவிக் கிடந்த மீனைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இவங்களுக்குக் கதை முடிக்கத் தெரியேல்லை," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "நீங்கள் சொன்னதுதான் சரி. அதைத் திருப்பிச் சொல்லுங்கோ."

மகேசன் தொண்டையைச் செருமினார். "அந்த மடத்தில ஒரு தோட்டக்காரன்..."

"தபால்காரன்," என்று திருத்திவிட்டு, யோகராணி சட்டியை அடுப்பில் வைத்தாள்.