காப்பு ஊசி

விஷமுறிவு மருந்து தயாரிக்கிற அந்த நிலையத்தில் குதிரைகளுக்கு ஒரு பக்கம், பாம்புகளுக்கு ஒரு பக்கம். நடுவில் நீளமான நடைபாதை. குதிரை லாயத்தில் மனைவிக்கு வேலை, பாம்பு அறையில் புருஷனுக்கு வேலை. கல்யாணமான புதிதில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள், "உங்க வீட்ல யாரு விஷம், யாரு மருந்து?" என்று. அவன் யோசிக்கவே மாட்டான். "நான்தான் விஷம், அவ மருந்து. கசக்கிறது எதுன்னு நீங்களே தெரிஞ்சுக்கங்க" என்பான்.

அவனுடைய வேலை இதுதான். விரியன் பாம்பின் கழுத்தைப் பிடித்து, வாயில் மெல்லிய தாள் கட்டிய கண்ணாடிக் கோப்பையைக் கடிக்க வைப்பான். சொட்டுகிற விஷத்தைக் காயவைத்து, துளியிலும் துளியாகக் கரைத்துக் குதிரைக்கு ஊசி போடுவார்கள். அடுத்த முறை கொஞ்சம் கூட்டுவார்கள். அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். குதிரை முதலில் மிரண்டுபோய்க் காய்ச்சலில் தலையைத் தொங்கப்போடும். பிறகு அதன் உடம்பு, வந்தவன் யாரென்று அடையாளம் தெரிந்துகொள்ளும். மறுபடி வந்தால் வாசலிலேயே மடக்க, ரத்தத்தில் ஆள் தயார் செய்து வைத்துக்கொள்ளும். அந்த ரத்தத்தை எடுத்து, தெளிந்த நீரை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து குப்பியில் அடைத்தால் மருந்து. எங்கோ வயலில் கடிபடப் போகிறவனுக்கான சண்டையைக் குதிரை முன்கூட்டியே போட்டு முடித்துவிடுகிறது. இதில் குதிரைக்கு என்ன லாபம் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவள் கேட்டாள். அவளுடைய பொறுப்பில் இருந்த குதிரைகளில் மூத்ததற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்தான் மகாராணி, விலா எலும்பை எண்ணிவிடலாம். ரத்தம் எடுத்த நாட்களில் அது தவிட்டுத் தொட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு தின்னாமல் நிற்கும். அவள் ஈரத் துணியால் அதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "யாருக்கோ வந்த விதிக்கு நீ எதுக்குடி ரத்தம் குடுக்கிற?" என்பாள். அது காதை மட்டும் ஆட்டும்.

ஊசி போடுகிறவர் அவளுடைய அண்ணன். அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்து ஆளாக்கி, தன்னோடு வேலை செய்கிறவனுக்கே கட்டிக்கொடுத்தவர். அந்த நிலையத்தில் எந்தப் பலகையிலும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. பாம்பு அறைக்கு வேலைக்கு வருகிறவனுக்கு, தேதி முடிந்து கழித்துவிட்ட குப்பிகளிலிருந்து கொஞ்சம் மருந்தை எடுத்து அண்ணன் ஊசி போட்டுவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை. காப்பு ஊசி என்று அதற்குப் பெயர். மேலிடத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அண்ணன் தலை உருளும்.

அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "கடிச்சா பாத்துக்கலாம். கடிக்காமலே எதுக்கு மருந்து?" என்று தட்டிக்கழித்தான். அவள் விடவில்லை. அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, உன் கையால ஒண்ணு போட்டு விடு. அவர் அந்த ரூமுக்குள்ள போறப்பல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்குது."

"மாப்ள ஒத்துக்கணுமே."

"நான் ஒத்துக்க வைக்கிறேன்."

ஒத்துக்க வைத்தாள். அடம்பிடித்தால் அம்மியும் நகரும். வருஷா வருஷம் அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "மச்சான், உங்க தங்கச்சிக்காகக் குத்து வாங்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நீட்டுவான். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை ஊசி போட்ட இடம் சிவந்து அரித்தது. அதற்கும் அடுத்த தடவை உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கி, மூட்டு வலித்து, படுக்கையில் புரண்டான். அவளுக்குப் பயம் வந்தது. அண்ணன் சிரித்தார்.

"ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. குதிரைக்கும் முதல்ல காய்ச்சல் வரலையா? அது மாதிரிதான்."

அது மாதிரி இல்லை. குதிரைக்குப் போட்டது விஷம், அதன் உடம்பு விஷத்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. அவனுக்குப் போட்டது குதிரையின் நீர். அவன் உடம்பு குதிரையை எதிர்க்கக் கற்றுக்கொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. காப்பு கூடிக்கொண்டே போகிறது என்று மூன்று பேரும் மனதாரச் சந்தோஷப்பட்டார்கள்.

அதன்பின் ஒரு புது வேடிக்கை தொடங்கியது. அவள் லாயத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் அவன் தும்முவான். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக, கண்ணில் நீர் கொட்டக் கொட்ட. "குதிரைக்காரி வந்தாச்சு, ஊருக்கே தண்டோரா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். அவள் கொல்லைப்புறமாகச் சுற்றிக் குளியலறைக்குப் போய், தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு உடுத்திக்கொண்டுதான் அவன் பக்கத்தில் வருவாள். அப்போதும் சில நாள் ஒரு தும்மல் மிச்சம் இருக்கும். "கட்டின பொண்டாட்டி உங்களுக்கு ஒத்துக்கல, வேற பாருங்க" என்று அவள் கோபம் காட்டுவாள். "இந்தத் தும்மல் இல்லன்னா நீ வந்ததே தெரியாதுடி" என்பான் அவன்.

ஒருநாள் காலை அவன் தன் சாப்பாட்டை அவளிடமிருந்து வாங்காமலே பாம்பு அறைக்குப் போய்விட்டான். மகாராணியைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுடைய பையில் அவன் டப்பாவும் இருந்தது தெரிந்தது. ஆறினால் சாப்பிட மாட்டான். கையைக் கழுவியும் கழுவாமலும், மேலெல்லாம் குதிரை முடியோடு, நடைபாதையில் வேகமாக நடந்து போய்ப் பாம்பு அறையின் கதவைத் தள்ளினாள். வாசலோடு நின்றாள், உள்ளே போகவில்லை. அவன் மேசை முன்னால், விரலுக்கிடையில் பாம்பின் தலையோடு நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவன் முகம் சுருங்குவதை அவள் பார்த்தாள். எவ்வளவோ தடவை பார்த்த முகம். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தும்மினான். பிடி நழுவியது. கட்டைவிரலுக்கு அடியில் கடித்துத் தொங்கியது.

ஆம்புலன்சில் அவன்தான் தைரியம் சொன்னான். கை முழங்கை வரை வீங்கி, ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"ஏன் அழற? நம்ம மருந்துதானே ஏத்தப் போறாங்க. உன் மகாராணி என்னைக் கைவிட்டுருவாளா? அதுவும் இல்லாம நான் காப்பு போட்ட உடம்பு." குரலைத் தணித்துக்கொண்டான். "அங்க ஊசி விஷயத்தைப் பத்தி மூச்சு விட்டுறாதே. மச்சான் வேலை போயிரும்."

மருத்துவமனையில் அவன் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தி வைத்தார்கள். உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஆடியது. டாக்டர் அம்மா வேகமாக வந்தார். வயதில் அவளைவிடச் சின்னவர்.

"மருந்து உடனே ஏத்தணும். இதுக்கு முன்னாடி எப்பவாவது இவருக்கு இந்த மருந்து போட்டிருக்கா? குதிரை, கிதிரை ஒத்துக்காதுன்னு ஏதாவது?"

அவள் வாயைத் திறந்தாள். "கொஞ்சம் தும்முவாரு..."

"அது தூசிக்கு, டாக்டர்" என்றார் பின்னாலிருந்து அண்ணன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியது. "மருந்தெல்லாம் இதுவரைக்கும் போட்டதே இல்ல."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அப்படித்தானேம்மா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். தன் காதுகுத்தலிலிருந்து கல்யாணம் வரை முன்னால் நின்ற மனுஷன், அவள் முகத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நின்றார். அவள் மனது கணக்குப் போட்டது. போட்ட ஊசி எல்லாம் நல்லதற்குத்தானே? சொன்னால் அண்ணன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? புருஷனும் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

"ஆமா" என்றாள்.

மருந்துக் குப்பியில் அவர்களுடைய நிலையத்தின் முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு, சொன்னால் வெட்கம், பெருமையாகக்கூட இருந்தது. டிரிப்ஸ் இறங்கத் தொடங்கியது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் கழுத்தைச் சொறிந்தான். அப்புறம் மார்பை. உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது. தும்மப் போவது போல முகம் சுருங்கியது. தும்மல் வரவில்லை, மூச்சும் வரவில்லை.

நர்ஸ் குழாயைப் பிடுங்கினார். டாக்டர் தொடையில் ஊசி போட்டார், கத்தினார், யாரையோ கூப்பிட்டார். அவளை வெளியே தள்ளினார்கள். மூச்சு வந்தது. ஆனால் மருந்து இல்லாமல் ரத்தம் கட்டாது, மருந்தைத் தொட்டால் உடம்பு கொந்தளிக்கும். அப்போதுதான் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் திட்ட நிற்கவில்லை. ஒவ்வாமையை அடக்குகிற மருந்துகளை முன்னால் கொடுத்து, சொட்டுச் சொட்டாக மறுபடி தொடங்கிப் பார்த்தார்கள். அதற்குள் விஷம் முந்திக்கொண்டது. சாயங்காலம் அவன் போய்விட்டான்.

"உடம்பு ஒருத்தரைப் பகையாளின்னு ஒரு தடவை முடிவு பண்ணிட்டா மறக்காதும்மா" என்றார் டாக்டர். "அந்த ஞாபகம்தான் குதிரையைக் காப்பாத்துது. அதே ஞாபகம்தான் இவரை..." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி ஆரம்பிச்சிருப்போம்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது தாங்கவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலியைக் கட்டினது யார் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் காரியங்கள் முடிந்தபின் ஒருநாள் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தான் பயத்துல உளறிட்டேன். நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் வாயில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. இருந்த ஒன்றை அன்றைக்கே செலவழித்துவிட்டாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாததால் மரணம் என்று முடித்தார்கள். மருத்துவமனை ஊசிக் கதையை எழுதி அனுப்பியிருந்தது. ஆனாலும் நிலையத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மேலிடமே அதைப் பேச விடவில்லை. அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு சரி. யாருக்காக அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாளோ, உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இது தெரிந்த அன்றைக்குத்தான் அவளுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவள் ஒரு புதிர். "எருமை மாட்டு மேல மழை பெய்ஞ்ச மாதிரி இருக்காளே, கண்ணுல ஒரு சொட்டு உண்டா?" என்று கூடத்திலேயே பேசினார்கள். காதில் விழுந்தது. உறைக்கவில்லை. பாம்புக்கு விஷம் ஏறாது என்பதைப் போலத்தான் அதுவும், உள்ளே இருப்பது வெளியே இருந்து வருவதைவிடக் கடுமையாக இருந்தது.

வேலைக்குத் திரும்பினாள். வேறு எங்கே போவாள்? மகாராணி அவளைப் பார்த்ததும் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டியது. அதன்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை. அதுவும் கேட்டதைக் கொடுத்த ஜீவன்தான். கழுத்தில் ஊசித் தழும்பு இருக்கிற இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிடரி மயிர் அவள் கன்னத்தில், புடவையில், தலையில் ஒட்டிக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள் குளியலறைப் பக்கம் போகவில்லை. அப்படியே, குதிரை வாடையோடு, முன்வாசல் வழியாக உள்ளே நடந்தாள். அவன் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புடவையை உதறினாள். ஒரு முடி வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக் கீழே இறங்கியது.

காத்திருந்தாள். அவள் வந்தது யாருக்கும் தெரியவில்லை.