நாற்பத்தொரு பதிவுகள்

அம்மா போய் நான்கு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது, வெளி ஆளிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது, நீயே வந்து சரிபண்ணிக் கொடு என்றாள். சின்னவளுக்கு நம்ப முடியவில்லை. சாவு வீட்டில்கூட அக்கா அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

அக்கா வீட்டிலிருந்தே கோர்ட் ஆவணங்களை டைப் செய்து கொடுப்பவள். அம்மா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் ஒரு கை விசைப்பலகையிலும் ஒரு கை அம்மாவின் மேலுமாகக் காலம் தள்ளியவள். சின்னவள் வேறு ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தாள். அந்தப் பதினான்கு மாதத்தில் இரண்டு தடவைதான் வந்தாள். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது பாதி நிஜம். அம்மாவை அந்த நிலையில் பார்க்கத் தெம்பில்லை என்பது மீதி.

கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. மேஜை மட்டும் அதே ஜன்னலோரம். சின்னவள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். புதிதாக இருந்த சின்ன டிஸ்கின் வயரைக் கழற்றி வைத்தாள். தவறிப்போய் அதில் கை வைத்துவிடக் கூடாது. பழையதின் அளவையும் அதன்மேல் இருந்த வரிசை எண்ணையும் தாளில் குறித்துக்கொண்டு, திரையில் தெரிவதோடு ஒத்துப்பார்த்தாள். அதை முழுக்க அழித்துப் புதிதாக அமைத்தால்தான் வேகம் வரும்.

"இதுல இருக்கிறதெல்லாம் வேற இடத்துல எடுத்து வச்சிட்டியாக்கா?"

"எல்லாம் எடுத்தாச்சு."

கடையில் இப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் கல்யாண போட்டோவைக் கேட்டு அழுதுகொண்டு வந்தவர்களை அவளுக்குத் தெரியும். ஒரு தடவை திறந்து பார்த்துவிடட்டுமா என்று கேட்டாள். எல்லாம் கட்சிக்காரர்கள் சமாசாரம், நீ பார்க்கக் கூடாது என்றாள் அக்கா. யார் தோண்டினாலும் திரும்ப வராத மாதிரி அழிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அப்படியானால் மேலோட்டமான ஃபார்மட் போதாது, டிஸ்க் முழுக்க பூஜ்யத்தை எழுத வேண்டும், மூன்று மணி நேரம் ஆகும், அப்புறம் யாராலும் மீட்க முடியாது என்று சின்னவள் விளக்கினாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். அக்கா தலையாட்டினாள்.

சின்னவள் பட்டனை அழுத்தினாள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா சமைத்தாள், பரிமாறினாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று வற்புறுத்தினாள். அக்காவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சின்னவள் நினைத்தாள். கை கழுவி வந்து, அழித்து முடிந்ததும் டிஸ்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்தாள்: சிஸ்டத்துக்குச் சின்னது, ஆவணங்களுக்குப் பெரியது. ஒன்று கெட்டுப் புதிதாகப் போட்டாலும் மற்றதைத் தொட வேண்டியிருக்காது என்று அக்காவுக்குப் புரியும்படி சொன்னாள்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா தினம் சாயங்காலம் உன்கிட்ட பேசணும்பாங்க. நீ போன் எடுக்க மாட்டே. மைக்கை வச்சு ரெக்கார்ட் போட்டுட்டு வெளியில போயிடுன்னு என்கிட்ட சொல்லுவாங்க. நாப்பத்தொரு பதிவு. எல்லாம் உனக்குத்தான். இதுலதான் இருந்துச்சு."

சின்னவள் அவளையே பார்த்தாள்.

"எடுத்து வச்சேன்னு சொன்னியே."

"கோர்ட் பேப்பரை எடுத்து வச்சேன்."

"ஏன்க்கா?"

"பீ மூத்திரம் அள்ளினது நான். நாப்பத்தொண்ணையும் கேட்டேன்டி. என்னைப் பத்தி வந்தது ஒரே ஒரு வார்த்தை. 'அவ வர்றா, நிறுத்திக்கிறேன்.' அவ்வளவுதான்." பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நான் அழிச்சிருந்தா பாவம். அதான் உன்னை விட்டே அழிக்க வச்சேன்."

சின்னவள் அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அக்கா தடுக்கவில்லை. கடையில் ஒன்பது நாள் கையிலிருந்த எல்லா மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தாள். முதலிலிருந்து கடைசி வரை பூஜ்யம். வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போன் செய்து, அம்மா என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டாள். ஒரு வரியாவது சொல்லு என்று கெஞ்சினாள். அக்கா அவள் அழுகையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள். ஏழெட்டு மாதத்தில் அந்த போனும் நின்றுபோயிற்று.

இரண்டாம் வருஷம் அக்காவே கூப்பிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். முதல் பதிவில் அம்மா ஆரம்பித்ததே இப்படித்தான் என்று தொடங்கினாள்.

"வேண்டாம். நீயே வச்சுக்கோ," என்றாள் சின்னவள்.

மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அக்கா உட்கார்ந்து, நினைவில் இருந்ததையெல்லாம் டைப் செய்தாள். நாற்பத்தொரு பதிவுக்கு ஒன்றரைப் பக்கம்தான் தேறியது. தபாலில் அனுப்பினாள். பெறுபவர் வாங்க மறுத்தார் என்ற முத்திரையோடு உறை திரும்பி வந்தது.

அவளே அதைப் பிரித்துப் படித்தாள். எது அம்மா சொன்னது, எது டைப் செய்யும்போது தானே சேர்த்தது என்று அவளுக்கே தெரியவில்லை.