பிள்ளைங்க அழுமாம்

குண்டடி பட்ட தாய்மான் பனியில் சாயும் காட்சியை, டோக்கியோ கார்ட்டூன் ஸ்டூடியோவில் ஃபுமியே மாதக்கணக்காக வரைந்திருந்தாள். படத்துக்கு மூலமான சிறுவர் கதையிலும் அப்படித்தான் இருந்தது. தயாரிப்பாளர் குராமோச்சி அந்தத் தாள்களைத் தள்ளிவைத்தார்.

"மான் எந்திரிச்சு ஓடட்டும்மா. படத்துக்குப் பணம் போடுற கம்பெனிக்காரர் சொல்லிட்டார். பிள்ளைங்க அழுமாம்."

"அழட்டுமே சார்! தாய் செத்தா அழத்தானே செய்யும்?"

"வம்பு பண்ணாதே. இந்தா, வருஷக் கடைசின்னு நம்ம எல்லாருக்கும் அன்பளிப்பு அனுப்பியிருக்கார் அந்த மனுஷன்."

ஃபுமியே பெட்டியைப் பிரித்தாள். அந்தக் கம்பெனியின் சரக்கேதான்: டப்பாவில் அடைத்த மான்கறி. மூடியில் ஒரு மான் சிரித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"திறந்து விடுங்க சார். முதல்ல இது எந்திரிச்சு ஓடட்டும்!"