முகலூலாவின் எண், என் கட்டைவிரல்

முகலூலா என் தையல் கடைக்குள் நுழைந்தபோது, "உழைப்புக்கு நன்றி" என்று முகமன்கூடச் சொல்லவில்லை. எங்கள் மசாகாவில் கோழி திருட வருகிறவன்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் கூண்டைத் திறப்பான். இவன் நேரே விஷயத்துக்கு வந்தான். அடையாள அட்டை கையில் இருக்கிறதா, போன் கம்பெனியின் சேவை மையம்வரை வந்துபோக முடியுமா என்று கேட்டான்.

ஏழு வருஷம் எனக்குப் புருஷன் மாதிரி இருந்தவன். மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒருவன் தன் ஆட்களோடு பெண் வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, நான் இன்னார் மகன், இன்னார் பேரன், இந்தப் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மாப்பிள்ளை. அந்த அறிமுகம் நடக்காதவரை, எத்தனை வருஷம் ஒரே சட்டியில் மட்டோக்கே வாழைக்காய் மசியல் தின்றாலும் அவன் யாரோ எவனோ. அறிமுகம் எப்போது என்று நான் கேட்கும்போதெல்லாம் முகலூலாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. காப்பி அறுவடை முடியட்டும், பார்க்கலாம்.

அப்பா அதை நம்பினார். ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மாப்பிள்ளை வருகிற தடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியாக அடித்த சுண்ணாம்பு மங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கத்துக்கும் முகலூலா வரவில்லை. அடுத்த மழைக்காலத்திலேயே கம்பாலாவில் ஒரு நர்சின் வீட்டுப் பாயில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த அறிமுகத்துக்கு எந்த அறுவடையும் குறுக்கே வரவில்லை. ஊர்ப் பெண்களின் அறிமுகத்துக்கெல்லாம் பட்டுக் கோமேசி அங்கி தைத்துக் கொடுப்பவள் நான். எனக்கென்று தைத்தது பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அப்பா காதால் கேட்காமல் போன அந்த வார்த்தைகளை அவன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். சொன்ன பிறகு, எங்களைக் காக்கவைத்தது போல அவனையும் காக்கவைக்க வேண்டும்.

அதற்கு வழி அவனே கொண்டுவந்தான். நர்சுக்குக் கனடாவில் வேலை கிடைத்திருந்தது. இவனும் மறுநாள் பறக்கிறான். போனை அங்கேயும் வேலை செய்கிற மாதிரி ரோமிங் போடப் போனால், லைன் உங்கள் பெயரில் இல்லையே என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். அந்த லைன் வாங்கிய வருஷம் அவனுடைய அடையாள அட்டை அரசாங்க அலுவலகத்தில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. என் அட்டையைக் காட்டி, என் கட்டைவிரலை வைத்து வாங்கினோம். இங்கே பாதிப் பேர் இன்னொருவர் பெயரில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் பேங்க், மின்னஞ்சல், வாத்தியார் வேலைச் சான்றிதழ் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கின. என்னை விட்டுப் போகும்போது தலையணை உறையைக்கூட எடுத்துக்கொண்டு போனவன், இதை மட்டும் மறந்துவிட்டான்.

"ஒரு கட்டைவிரல் வைக்கிற வேலைதான், நகிந்து. என் பேருக்கு மாத்திட்டா முடிஞ்சுது" என்றான்.

நான் உடனே எழுந்து கடையைப் பூட்டினேன். இவ்வளவு சுலபமாக நான் சம்மதித்ததிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அவ்வளவு மட்டமாகத்தான் எடை போட்டு வைத்திருந்தான்.

சேவை மையத்தில் கூட்டம். எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால் அவன் பெண்டாட்டி கூப்பிட்டாள். பேசிக்கொண்டே வெளியே போனான். கவுண்டரில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் அட்டையை நீட்டினேன்.

"லைன் என் பேர்ல இருக்கும்மா. சிம் என் கையில இல்ல. புதுசா ஒண்ணு போட்டுக் குடு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கட்டைவிரலை வைத்தேன். அவள் புது சிம்மைக் கொடுத்தாள். வெளியே முகலூலாவின் பேச்சு பாதியில் அறுந்தது. போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே உள்ளே வந்தவன், என் கையில் இருந்ததைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கத்தினான். லைன் சொந்தக்காரி இவங்கதானே என்று கவுண்டர் பெண் சொன்னாள். காவலாளி பக்கத்தில் வந்து நின்றதும் அவன் சத்தம் இறங்கியது.

"நீ நிம்மதியா கெளம்பு. மாசாமாசம் ரீசார்ஜ் போட்டு இந்த லைனை உயிரோட வச்சிருக்கிறது என் பொறுப்பு. ஓடிபி வேணும்னா எனக்கு போன் பண்ணு" என்றேன்.

சண்டை போட அவனுக்கு நேரமில்லை. அங்கே போனதும் எல்லா இடத்திலும் எண்ணை மாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பான். எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

முதல் தடவை என் போனுக்குக் கூப்பிட்டு, "நகிந்து, ஓடிபி சொல்லு, சீக்கிரம்" என்றான். நான் முதலில் நலம் விசாரித்தேன். பகல் எப்படிப் போயிற்று, வீட்டில் எல்லாரும் எப்படி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி, அங்கே மழை உண்டா என்று பெரியவர்கள் கேட்கிற வரிசையிலேயே கேட்டேன். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அவனும் நம்ம ஊர்ப் பிள்ளைதானே. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தாண்டுவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. அடுத்த தடவை கெட்டிக்காரத்தனமாக நலமெல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, ஓடிபி கேட்கிற பொத்தானை அழுத்தினான். அப்போது எனக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. மேசைமேல்தான் இருந்தது.

பிறகு குரலில் கெஞ்சல் வந்தது. மின்னஞ்சல் திறக்கவில்லையாம். வேலை தருகிற பள்ளிக்கூடம் சான்றிதழ் கேட்கிறதாம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம். என்ன செய்தால் சொல்வாய் என்று கேட்டான். எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

"எங்க வீட்டுக்கு வந்து அறிமுகம் பண்ணிக்கோ. நேர்ல முடியாதுல்ல, போன்லயே பண்ணு. அத்தை கேக்கறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வீட்டு முன்னறையில் பாய் விரித்தோம். பெட்டியிலிருந்த கோமேசியை எடுத்து உடுத்திக்கொண்டேன். அத்தையும் சித்தப்பா பெண்டாட்டிகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாய்க்கு நடுவே போனை வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். கனடாவில் அப்போது விடிந்திருக்காது. முகலூலா ரகசியம் பேசுகிற குரலில் வணக்கம் சொன்னான். பக்கத்தில் பெண்டாட்டி தூங்குகிறாள் என்று புரிந்தது. எனக்கு உள்ளே இனித்தது.

ஊர் அறிமுகங்களிலெல்லாம் பெண் வீட்டுச் சார்பில் பேசிப் பேசித் தழும்பேறிய வாய் அத்தைக்கு.

"யாருப்பா அது, நாங்க சாப்பிடுற நேரத்துல? எந்தக் குலம்?"

வெட்டுக்கிளிக் குலம் என்றான்.

"அதான் தத்திக்கிட்டே இருந்தியா? அப்பன் பேரு, தாத்தன் பேரு சொல்லு."

சொன்னான். சித்தப்பா பெண்டாட்டிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று அத்தை கேட்டாள். அவன் ஏதோ முனகினான்.

"இங்க எல்லாருக்கும் காது மந்தம் மாப்பிள்ளை. சத்தமா சொல்லு. அப்பத்தான் அவ ஓடிபி படிப்பா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க பொண்ணு நகிந்துவைக் கேட்டு வந்திருக்கேன்" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

ஏழு வருஷம் நான் காத்திருந்த வார்த்தைகள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். கனடாவில் ஒரு பெண்குரல், யார் அந்த நகிந்து என்று கேட்டது. அவன் ஏதோ சமாதானம் சொன்னான். கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது. என் அழுகை நின்றுவிட்டது.

அவன் எண் போட்டு என் மடியில் வைத்திருந்த இன்னொரு போனில் ஓடிபி வந்தது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது.

அறிமுகத்தில் கடைசிக் கேள்வி பெண்ணுக்கு. அத்தை என் பக்கம் திரும்பி, முறைப்படி இழுத்துக் கேட்டாள்.

"உன்னைக் கேட்டு வந்திருக்கானாம், மகளே. என்ன பதில் சொல்லட்டும்?"

"படி, நகிந்து, நேரம் போயிடும்" என்று அவன் கெஞ்சுவது கேட்டது.

நான் கோமேசியின் இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டேன்.

"காப்பி அறுவடை முடியட்டும், பார்க்கலாம்னு சொல்லுங்க அத்தை."